ஒரே அடுப்பு, இரண்டு கணக்கு: உங்கள் லயத்து வீட்டுக்கு ஒரு கொப்பி எழுதுவது எப்படி

ஒரே வீட்டில் புருசனுக்கு எவ்வளவு, பெண்டாட்டிக்கு எவ்வளவு என்று எழுதிப் பார்க்க எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் நீலப் பேனை ஒன்றும் போதும். ஒரு சிவப்புப் பேனையும் வாங்கிக்கொள்ளுங்கள். அது எதற்கென்று பிறகு சொல்கிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேட்டு லயம் என்கிற வரிசை வீடுகளின் கடைசியில், தொங்கல் காம்பராவில் பிறந்தவள். அம்மா 34 வருசம் கொழுந்து பறித்தார். அப்பா கவ்வாத்துக்காரர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிறவர். உயர்தரம் வரை படித்துவிட்டு இப்போது தோட்டத்து முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். 12 வருசமாக எங்கள் லயத்துப் பெண்களின் சீட்டுக் கணக்கும் என் கையில்தான். மாசா மாசம் சீட்டுக் காசு வாங்க வீடு வீடாக ஏறி இறங்கும்போதுதான் இந்த விசயம் பிடிபட்டது. புருசனும் பெண்டாட்டியும் ஒரே தோட்டத்தில் வேலை. நாள் சம்பளமும் ஒன்று, அடுப்பும் ஒன்று. ஆனால் அவருக்கு இல்லாதது வேறு, அவளுக்கு இல்லாதது வேறு. அவரிடம் காசில்லை என்றால் அன்றைக்குக் காசில்லை, அவ்வளவுதான். அவளிடம் காசும் இல்லை, நேரமும் இல்லை, எழுதி வைத்த பேரும் இல்லை.

இது எந்தப் புள்ளிவிபரத்திலும் இப்படி வராது. 2019ஆம் ஆண்டு அரசாங்கம் எடுத்த வீட்டு வருமான செலவின ஆய்வில் நாட்டில் வறியவர்கள் 14.3 சதவீதம், தோட்டப்புறத்தில் 33.8 சதவீதம் என்று வந்தது. கணக்கு சரிதான், பொய்யில்லை. ஆனால் எப்படி எண்ணுகிறார்கள்? ஒரு வீட்டின் மொத்தச் செலவை எடுத்து, அந்த வீட்டிலுள்ள தலைகளால் வகுக்கிறார்கள். அப்பா தின்ற முட்டையும் அம்மா தின்னாத முட்டையும் சரிபாதியாகிவிடும். நம் நாட்டில் மட்டுமில்லை, வறுமையை எண்ணுகிற ஏழை நாடுகள் அநேகமாக எல்லாவற்றிலும் இதே முறைதான். இஸ்தோப்புத் திண்ணை வரை வந்து எண்ணிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே போய் எண்ண வேண்டியது வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆகவே இது முக்கியமாகத் தோட்டத்தில் பிறந்து, படித்து, இப்போது கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வருகிற பிள்ளைகளுக்கு. ஆய்வுக்கென்று கொப்பியோடு வருகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளும் பயன்படுத்தலாம். ஆனால் உங்களுக்கு வெளியாள் என்ற ஒரு தடை உண்டு, அதைத் தாண்ட இரண்டு மூன்று தேத்தண்ணி குடிக்க வேண்டியிருக்கும்.

எப்போது உட்காருவது

பத்தாம் திகதி வேண்டவே வேண்டாம். சம்பள நாளில் வீட்டில் எல்லோருக்கும் காது நீளம். 25ஆம் திகதி, அட்வான்ஸ் நாளும் அப்படித்தான். நல்ல நேரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கைக்காசு வேலை (கிலோ எடைக்குக் காசு வாங்கிப் பறிப்பது) இல்லாத ஞாயிறாகப் பார்த்து, அம்மா அரிசி புடைத்துக்கொண்டோ தங்கச்சிக்கு ஈர் இழுத்துக்கொண்டோ உட்கார்ந்திருக்கும்போது. கை வேலையில் இருந்தால் வாய் தானாகப் பேசும். பேனையை எடுத்து வைத்துக்கொண்டு “அம்மா சொல்லுங்க” என்று உட்கார்ந்தால் “என்னத்தச் சொல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பதோடு முடிந்துவிடும்.

அப்பாவை வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். முதல் தடவை ஒரு வீட்டில், அந்த வீட்டு அக்காவின் புருசன் கட்டிலில் படுத்திருக்கிறபோதே, “அக்கா, சம்பளக் காசை யாரு வச்சிருப்பா?” என்று கேட்டுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், “அவருதான்... நானுந்தான்” என்றார். லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை போகாது என்பது உங்களுக்குத் தெரியும். அன்று ராத்திரி நடந்த சண்டை நாலு காம்பரா தள்ளி இருந்த எனக்குக் கேட்டது. மூன்று மாசம் அந்த அக்கா சீட்டுக் காசை மகளிடம் கொடுத்தனுப்பினாரே தவிர என் முகத்தைப் பார்க்கவில்லை. கணக்கு கேட்பது சின்ன விசயமில்லை. அப்பாவிடமும் கேட்க வேண்டும், ஆனால் தனியாக, வேறு நாளில், அவருடைய மரியாதை கெடாமல்.

முதல் பக்கம்: மணிக் கணக்கு

பெரும்பாலானவர்கள் காசிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். நேரத்திலிருந்து தொடங்குங்கள். காசைப் பற்றிக் கேட்டால் மறைப்பார்கள், நேரத்தை யாரும் மறைக்க மாட்டார்கள், அதற்கு விலை இருக்கிறது என்று யாரும் நினைக்காததால்.

பக்கத்தை நடுவில் கோடு போட்டு இரண்டாக்குங்கள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அப்பா. விடிய எழும்பியதிலிருந்து படுக்கும் வரை அரை மணிக்கு ஒரு வரி. முதல் நாள் கேட்டு எழுதுங்கள், அடுத்த இரண்டு நாள் பார்த்து எழுதுங்கள். கேட்டதற்கும் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்து நீங்களே அசந்துபோவீர்கள். என் சித்தி “காலையில சும்மா ரொட்டி சுடுவேன், அவ்வளவுதான்” என்றார். நான் பார்த்தது: நாலு மணிக்கு எழுந்து, பீலிக்குப் போய் இரண்டு குடம் தண்ணீர், அடுப்பு மூட்டி, ஈர விறகை ஊதி, தேத்தண்ணி, மாவு பிசைந்து ரொட்டி, கட்டைச் சம்பல், மத்தியானத்துக்குச் சோறு, பிள்ளைகளுக்குத் தலை சீவி, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு, கூடையை எடுத்துக்கொண்டு பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிகிற இடத்துக்கு, ஓட்டம். மூன்று மணி நேரம். அதைத்தான் “சும்மா” என்றார்.

2024 செப்டெம்பரில் அடிப்படை நாள் சம்பளம் 1350 ரூபா ஆனது. அதற்கடுத்த வருசம் ஒரு மாசம் சித்தி வீட்டில் கணக்கு எடுத்தேன். தொகை மாறினால் புதுத் தொகையைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

சித்தி மலைக்குப் போனது 23 நாள். காலை 7.30 முதல் கடைசி நிறுவை முடிய 5 மணி. சாப்பாட்டுக்கு அரை மணி கழித்தால் நாளுக்கு ஒன்பது மணி நேரம். அந்தச் சாப்பாட்டு நேரத்திலும் அவர் சாப்பிட்டதை விடச் சின்னதுக்கு ஊட்டியதுதான் அதிகம், ஆனாலும் கழித்துவிட்டேன். 23 நாளில் இரண்டு நாள் கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான், விழுந்தது. எங்கள் தோட்டத்தில் நோம், முழுப் பேருக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று நிறுவையில் கழிப்பதும் உண்டு. அந்த இரண்டு நாளும் மழை, சித்திக்குக் காய்ச்சல் வேறு. ஆக 21 முழுப் பேர், இரண்டு அரைப் பேர், மொத்தம் 22 பேர். 29,700 ரூபா. அரைப் பேர் விழுந்த நாளிலும் நின்றது முழு நாள்தான் என்பதால் மணியைக் கூட்டும்போது 23 நாளையும் போட வேண்டும்: 207 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 143 ரூபா.

சித்தப்பா கவ்வாத்து. 18 நாள், 24,300 ரூபா. கவ்வாத்து இத்தனை செடி என்று கணக்கு, முடித்தால் வீட்டுக்குப் போகலாம். விரைவாக வெட்டுகிறவர்கள் ஒன்றரை மணிக்கெல்லாம் கத்தியைத் தீட்டி வைத்துவிடுவார்கள். நாளுக்கு ஆறு மணி என்று வைத்தால் 108 மணி நேரம். மணிக்கு 225 ரூபா.

நாள் சம்பளம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதைச் சும்மா யாரும் கொடுக்கவில்லை, 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளம் வந்தது. அதற்கு முன்னால் பெண்ணுக்கு நாள் சம்பளமே குறைவு. என் அப்பாயி அந்தக் குறைந்த சம்பளத்தில் காலம் தள்ளியவர். ஆனால் சமம் வந்தது நாளுக்கு, மணிக்கு வரவில்லை.

இனி வீட்டு வேலையைச் சேருங்கள். சித்திக்குக் காலையில் மூன்று மணி, சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை மூன்றரை. மாசம் முப்பது நாளும். 195 மணி நேரம். ஞாயிறு, போயா, தீபாவளி எதுவும் இதில் லீவு இல்லை. சித்தப்பா விறகு வெட்டுவார், மரக்கறித் தோட்டத்தைப் பார்ப்பார், நாளுக்கு ஒரு மணி என்று 30. எல்லாவற்றையும் கூட்டி மறுபடி வகுத்தால் சித்தியின் ஒரு மணி நேரம் 74 ரூபாவுக்குக் கிட்ட வந்து நிற்கிறது, சித்தப்பாவுடையது 176.

இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தின் அடியில் பெரிதாக எழுதி வட்டம் போட்டு வையுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். கவ்வாத்து லேசான வேலை இல்லை. அப்பாவின் மணிக்கட்டு இன்றைக்கும் மழை வந்தால் வீங்கும். ஆம்பிளைகளுக்குத் தோட்டத்தில் வேலையும் குறைந்துவிட்டது, பாதிப் பேர் கொழும்புக் கடைகளில்தான். அவர்களைக் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்கு இந்தக் கொப்பி இல்லை. அப்படி எழுதினால் இரண்டாம் நாளே அடுப்புக்குள் போய்விடும்.

இரண்டாம் பக்கம்: சம்பளச் சீட்டு

அம்மாவின் சீட்டும் அப்பாவின் சீட்டும் இரண்டும் வேண்டும். பழைய சீட்டுகள் எங்கள் வீட்டில் மைலோ டின்னில் இருக்கும். உங்கள் வீட்டிலும் ஒரு டின் இருக்கும், தேடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரவைப் பார்க்காமல் பிடித்தங்களைப் பாருங்கள். யாருடைய சீட்டில் என்ன பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் விசயம்.

சித்தியின் 29,700இல் ஈ.பீ.எப். என்கிற ஊழியர் சேமலாப நிதிக்கு எட்டு சதவீதம், 2,376. மிச்சம் 27,324. அட்வான்ஸ் 8,000. தீபாவளி முற்பணத் தவணை 2,000. அப்புறம் தொழிற்சங்கச் சந்தா, கோயில், தேயிலைத் தூள் என்று சில்லறையாக 1,484. கையில் 15,840. சித்தப்பாவின் 24,300இல் ஈ.பீ.எப். 1,944, அட்வான்ஸ் 5,000, சந்தாவும் மற்றதும் 356. கையில் 17,000.

கூட உழைத்தவர் கையில் குறைவாக வந்திருக்கிறது. ஏன்? தீபாவளி முற்பணத்தில் வாங்கியது நாலு பேருக்கும் துணி. கோயில் காசு குடும்பத்துக்கு. தூள் எல்லோரும் குடிக்கிற தேத்தண்ணிக்கு. மூன்றும் சித்தியின் சீட்டில். நான் கேட்டேன். “எனக்குத்தானே பேர் கூட விழும், அதான் எனக்குப் போடச் சொன்னேன்” என்றார் சித்தி. யாரும் ஏமாற்றவில்லை. நாள் அதிகம் வேலை செய்கிறவள் சீட்டில் குடும்பத்துப் பிடித்தங்கள் தானாக வந்து சேர்ந்துகொள்கின்றன. நான் பார்த்த பதினேழு வீட்டில் பதினொன்றில் இப்படித்தான் இருந்தது. நீங்கள் பார்க்கும்போது குடும்பத்துப் பொதுப் பிடித்தங்களைச் சிவப்புப் பேனையால் அடிக்கோடிடுங்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு வேலை. சீட்டில் அச்சடித்த பேரையும் அடையாள அட்டையில் உள்ள பேரையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எங்கள் அம்மாமார் செக்ரோலில் (தோட்டத்துப் பேர்ப் பதிவில்) ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் இன்னொரு பேர். லெட்சுமி, லச்சுமி, லக்ஷ்மி மூவரும் ஒருத்திதான் என்று நமக்குத் தெரியும், ஈ.பீ.எப். கணக்குக்குத் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு இதைத் திருத்த அலைந்தால் வருசக்கணக்காகும். என் அம்மா விசயத்தில் ஒரு காரியாலயத்தில் ஒன்பது தடவை திருப்பி அனுப்பினார்கள். பஸ் காசை நான் எழுதி வைக்கவில்லை, எழுதியிருந்தால் இன்னும் கோபம் வந்திருக்கும். வேலையில் இருக்கும்போதே தோட்டக் காரியாலயத்தில் சொல்லி, தொழில் அலுவலகத்திலும் திருத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் பக்கம்: காசு யார் கையில்

சம்பாதித்தது யார், வாங்கியது யார், வைத்திருந்தது யார், செலவைத் தீர்மானித்தது யார். நாலும் நாலு கேள்வி. ஒன்றாக்கிவிடாதீர்கள். ஒரு காலத்தில் பெண்டாட்டியின் சம்பளத்தையும் புருசனே கைநீட்டி வாங்குவார். அம்மா வேலை செய்த முதல் பத்து வருசம் தன் சம்பளத்தைக் கண்ணால் பார்த்ததில்லை என்பார். இப்போது வங்கிக்குப் போகிறது. ஆனால் ஏ.ரி.எம். கார்ட் யார் சட்டைப் பையில்? ஹட்டன் டவுனில் பத்தாம் திகதி மெசினுக்கு முன்னால் நிற்கிற வரிசையைப் பாருங்கள். அன்றைக்கு மலையில் கொழுந்தெடுக்கிறவர்கள் பெண்கள். வரிசையில் நிற்கிறவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சித்தியின் 15,840: கடைக் கணக்கு 11,000, கிழமைக் கடன் 950 படி நாலு கிழமை 3,800. மிச்சம் 1,040. அதில் மகனுக்கு ஒரு சப்பாத்து வாங்கப் போய் 300 போதாமல் போனது. சித்தப்பாவின் 17,000இல் வீட்டுக்குக் கொடுத்தது 7,000. மீதிப் பத்தாயிரத்தைப் பற்றிச் சித்தியிடம் கேட்டேன். “அது அவரு செலவு” என்றார். சித்தப்பாவிடம் தனியாகக் கேட்டபோது, பஸ், ரீலோட், வெற்றிலை, ஒரு செத்த வீட்டுக்கு 1,000, தம்பிக்கு 2,000 என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றுவிட்டார். தவறணைக் குடிச் செலவை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “மற்றது” என்று எழுதினேன்.

முன்னால் இதை நான் “வெளிச்செலவு” என்றுதான் எழுதுவேன். அது தப்பு. வெளிச்செலவு என்றால் தவிர்க்க முடியாதது மாதிரி இருக்கிறது. “தன் இஷ்டத்துக்குச் செலவழிக்க முடிந்த காசு” என்று இரண்டு பக்கத்திலும் ஒரே தலைப்புப் போடுங்கள். சித்தப்பா பக்கத்தில் பத்தாயிரம். சித்தி பக்கத்தில் 1,040, அதையும் அவர் மகன் கால் தீர்மானித்தது. சம்பாதித்தவர் தீர்மானிக்காத காசு ஒவ்வொன்றையும் சிவப்பில் எழுதுங்கள். சில வீட்டில் பக்கமே சிவந்துபோகும்.

பெண் வேலைக்குப் போனால் அவளுடைய வறுமை தீரும் என்று பேசுகிறவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். இலங்கையில் பெண்களில் மூன்றில் ஒரு பங்குதான் தொழிற்படையில் இருக்கிறார்கள், அதைக் கூட்ட வேண்டும் என்பார்கள். சரி, கூட்டட்டும். ஆனால் 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டதற்குப் பிறகு எங்கள் பாட்டிமார், பூட்டிமார் வேலைக்குப் போகாத நாள் எது? சம்பாதிப்பதும் காசு கையில் இருப்பதும் ஒன்றென்றால் இந்த நாட்டிலேயே பணக்காரப் பெண்கள் நாங்கள்தான்.

நாலாம் பக்கம்: தட்டு

இதைக் கேட்கவே கூடாது. “நல்லாச் சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் எந்த அம்மாவும் இல்லை என்று சொன்னதில்லை. மூன்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். யார் முதலில் சாப்பிடுகிறார்கள், யார் கடைசியில், முட்டை யாருக்குப் போகிறது, கருவாட்டின் நடுத்துண்டு யாருக்கு. எங்கள் வீட்டில் அம்மாவுக்கென்று தட்டு இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்ததும் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டு, ஒட்டியிருக்கிற மசாலையை வழித்துப் பிசைந்து, அடுப்படியிலேயே குந்தியிருந்து சாப்பிடுவார். அதுதான் ருசி என்பார். நாங்களும் நம்பினோம், அந்தச் சட்டிச் சோற்றுக்குச் சண்டைகூடப் போட்டிருக்கிறோம். பிறகு ஒருநாள், மீன் வாங்கிய அன்றைக்குத்தான் கவனித்தேன். சட்டியில் மீனே இல்லை.

ரொட்டியை எண்ணுங்கள், அதுவே போதும்.

ஐந்தாம் பக்கம்: பேர்

வீட்டில் எழுத்தில் இருக்கிற எல்லாவற்றையும் எடுத்து, எது யார் பேரில் என்று எழுதுங்கள். ஏழு பேர்ச் காணித் துண்டு கிடைத்திருந்தால் அதன் பத்திரம். வங்கிப் புத்தகம். மின்சார பில். திரீவீல் இருந்தால் அதன் புத்தகம். அஸ்வெசும என்கிற அரசாங்க உதவிக் காசு குடும்பத்துக்கு ஒன்றாக வருகிறது, அந்தக் கணக்கு யாருடையது. கடைசியாகக் கடன் பத்திரங்கள்.

பெரும்பாலும் இப்படி வரும்: காணி, வண்டி, பில் எல்லாம் அப்பா பேரில். கிழமைக் கடன், நகை அடகுச் சீட்டு, சீட்டுக் கணக்கு எல்லாம் அம்மா பேரில். கிழமைக் கடன்காரர்கள் பெண்களுக்குத்தான் கொடுப்பார்கள், குழுவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. வாங்கியது கூரைத் தகட்டுக்காக இருக்கும், தம்பி டுபாய் போவதற்காக இருக்கும். கடன்காரர் வந்து வாசலில் நிற்கும்போது பேர் சொல்லிக் கூப்பிடுவது அம்மாவை.

என் அம்மாவின் ஈ.பீ.எப். காசு என்ன ஆனது என்று கேட்டால், அது இப்போது மஸ்கெலியா டவுனில் மூன்று சக்கரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அண்ணன் பேரில். நல்ல அண்ணன்தான், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அதிலேயேதான் கூட்டிப்போகிறான். ஒரு தடவை பெட்ரோலுக்கு அம்மாவிடமே காசு கேட்டான்.

கொப்பி முடிந்தது, இனி என்ன

சும்மா டின்னுக்குள் வைத்துப் பூட்டவும் செய்யலாம், அதுவும் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் கொப்பி முடிந்த கையோடு செய்து பார்த்துப் பலன் கண்ட சில வேலைகள் உண்டு.

பொதுப் பிடித்தங்களை மாற்றி எழுதுவது முதலாவது. இதற்குச் சண்டை வேண்டாம். சித்தி வீட்டில் தீபாவளி முற்பணத்தை அடுத்த வருசம் சித்தப்பா பேரில் எடுத்தார்கள். நான் மணிக் கணக்கைச் சித்தப்பாவிடம் காட்டியபோது அவர் 74ஐயும் 176ஐயும் ரொம்ப நேரம் பார்த்தார். “கவ்வாத்தும் கஷ்டம்தான்” என்றார். “ஆமா சித்தப்பா” என்றேன். அப்புறம் இரண்டு குடத்தையும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனார். தினமும் போகிறார் என்று சொன்னால் பொய். வாரத்தில் மூன்று நாள் போகிறார்.

ஓய்வுக் காசு பற்றி வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டியவை: ஈ.பீ.எப்.புக்குத் தொழிலாளி எட்டு சதவீதம், தோட்டம் பன்னிரண்டு சதவீதம் என்பது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. ஈ.டீ.எப். என்கிற ஊழியர் நம்பிக்கை நிதி மூன்று சதவீதம் முழுக்கத் தோட்டம் கட்ட வேண்டியது, சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் ஈ.பீ.எப்.பை எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்ணும் எடுக்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. சலுகை மாதிரித் தெரியும், ஆனால் இருபது வயதில் எடுத்த காசு கல்யாணச் செலவில் கரைந்து, மறுபடி மலைக்கு வரும்போது பூச்சியத்திலிருந்து தொடங்குவாள். முடிந்தால் தொடாதீர்கள். ஆண்களுக்கு அப்படி ஒரு வழி வைக்கவில்லை, அதனாலேயே அவர்களுடையது பத்திரமாக இருக்கிறது.

சேவைக்காலப் பணம் வேறு, இதைப் பலர் ஈ.பீ.எப்.போடு குழப்பிக்கொள்கிறார்கள். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருசம் வேலை செய்திருந்தால், நாள் சம்பளக்காரருக்கு வருசத்துக்கு 14 நாள் சம்பளம், கடைசியாக வாங்கிய சம்பள அளவில். 30 வருசம் என்றால் 420 நாள். 1350 என்று வைத்தால் 5,67,000 ரூபா. இந்தப் பெருக்கலை அம்மா வேலையை விடுவதற்கு முன்னாலேயே கொப்பியில் போட்டு வையுங்கள், காரியாலயம் சொல்லும் தொகையோடு ஒப்பிட உதவும். பிள்ளைப் பேற்று விடுமுறை 84 நாள், 2018க்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதேதான். மூன்றாவதுக்குப் பாதி என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருந்தால் நம்ப வேண்டாம்.

காணிப் பத்திரம் வருகிற வீடுகள், படிவம் நிரப்பும்போதே இரண்டு பேர் பேரையும் போட முடியுமா என்று கேளுங்கள். “குடும்பத் தலைவர்” என்று இருக்கிற கட்டத்தில் பேனை தானாக அப்பா பேரை எழுதப் போகும், அங்கே ஒரு நிமிசம் நிறுத்துங்கள். உதவிக் காசைப் பெண் கையில் கொடுப்பது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. மெக்சிகோவில் 1997இலேயே ஏழைக் குடும்பத்து உதவியைத் தாய்மார் கையில் கொடுத்தார்கள், பிரேசிலிலும் அந்த வழக்கம்தான். 2023 செப்டெம்பரில் தமிழ்நாட்டில் மாசம் 1,000 ரூபாய் பெண்கள் கணக்குக்கே போடத் தொடங்கினார்கள். கூடலூரில் இருக்கிற எங்கள் பெரியம்மா மகள், அவர்கள் எழுபதுகளில் கப்பலேறிப் போன குடும்பம், அவளும் தேயிலைதான் பறிக்கிறாள், ஃபோனில் சொன்னாள்: “ஆயிரம் ரூபாயில என்னடி வரும்? ஆனா மெசேஜ் எனக்கு வருது, அவருக்கு வரல.”

மெசேஜ் என்றதும் ஞாபகம் வந்தது. வங்கிக் கணக்கோடு எந்த ஃபோன் நம்பர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள். அம்மா பேரில் கணக்கு, அம்மா கையில் கார்ட், ஆனால் நம்பர் அண்ணனுடையது என்றால் காசு வந்தது அம்மாவுக்கு முன்னால் அண்ணனுக்குத் தெரியும். அடையாள அட்டையும் புத்தகமும் எடுத்துக்கொண்டு அம்மாவைக் கூட்டிப் போய் மாற்றிவிடுங்கள். பத்தாம் திகதிக்குப் பிறகு ஒரு கிழமைக்கு வங்கியில் நிற்க இடம் இருக்காது. பதினெட்டு இருபதாம் திகதி வாக்கில், வார நாளில், காலையில் முதல் பஸ்ஸுக்குப் போங்கள். அம்மாவுக்கு அன்றைக்கு ஒரு பேர் போகும். அந்த ஒரு நாள் சம்பளத்தையும் கொப்பியில் எழுதுங்கள், நீலத்தில்.